காரணத்துக்குக் கட்டிய காப்பு

பூமி சூடாவதற்கு நான்தான் காரணம் என்று நானே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டதாக என் மைத்துனர் ஏகாம்பரம் சொல்கிறார். நடந்தது துரைக்கண்ணுவின் கல்யாண மண்டபத்தில், ஊரே கூடியிருந்த ஒரு மத்தியானத்தில். இதைப் பல வருஷங்களாக நான் சந்தேகித்து வருகிறேன். ஆனால் சந்தேகிப்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம், நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதுதான். தூங்குகிறவனின் சாட்சியத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வருஷம் எங்கள் ஊரில் வெயில் பொறுக்க முடியாமல் போயிற்று. மாரியம்மன் திருவிழாவை நடத்தும் குழு கூடியது. இப்படியே விட்டால் தீமிதிக்குத் தனியாகக் குண்டம் வளர்க்க வேண்டிய அவசியம் இருக்காது என்று பேசினார்கள். ஆகவே காரணங்கள் எல்லாவற்றையும் வரவழைத்து விசாரிப்பது என்று முடிவானது. துரைக்கண்ணு குழுவின் தலைவர். ஏகாம்பரம் செயலாளர். இவர் என் மனைவி சகுந்தலாவின் அண்ணன். பஸ் நிலையத்துக்கு எதிரில் ஏசி விற்கும் கடை வைத்திருக்கிறார். காரணங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எல்லாம் மரியாதையாக வந்து சேர்ந்தன.

முதலில் சூரியன் வந்தார். அவர் மண்டபத்துக்குள் இருந்ததால் வெளியே இருட்டிவிட்டது. மொட்டைமாடியில் வடகம் பிழிந்து காயவைத்திருந்த பெண்கள், சீக்கிரம் முடிக்கச் சொல்லி இரண்டு முறை ஆளனுப்பினார்கள். மண்டபத்து ஏசி போதவில்லை. ஏகாம்பரம் தன் கடையிலிருந்து இன்னும் சில இயந்திரங்களைக் கொண்டுவந்து மாட்டி, ஜெனரேட்டரையும் ஓடவிட்டார்.

"நான் அனுப்புவது பழைய அளவுதான்," என்றார் சூரியன். "சொல்லப்போனால் கொஞ்ச காலமாக ஒரு துளி குறைவு. முன்பெல்லாம் பகலில் கொடுத்ததை இரவில் வானத்துக்குத் திருப்பி விட்டுவிடுவீர்கள். இப்போது அதில் கொஞ்சத்தை வைத்துக்கொள்கிறீர்கள். பாயசம் கொடுத்தனுப்பிய பாத்திரம் திரும்பி வரவில்லை என்றால், கொடுத்த வீட்டுக்காரரையா விசாரிப்பது?"

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். வெளியே மறுபடியும் பகலாயிற்று.

அடுத்தது பூமியின் சாய்வு. அது முன்வரிசையில் உட்கார்ந்ததும் மண்டபத்தின் நாற்காலிகள் எல்லாம் மெதுவாகத் தெற்குச் சுவரோரம் போய்ச் சேர்ந்தன. நாங்கள் அங்கிருந்தபடியே கேட்டோம். தான் ஒருக்களித்துப் படுப்பதற்கே பல ஆயிரம் வருஷம் ஆகும் என்றும், இப்போது குளிரும் பக்கமாகத்தான் புரண்டுகொண்டிருப்பதாகவும், அவசரப்படுத்துவது தன் சுபாவம் இல்லை என்றும் அது சொன்னது. பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை.

மாடுகளும் வந்திருந்தன. அவற்றின் ஏப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு எழுந்தது. இவ்வளவு மாடுகளை யார் வளர்க்கச் சொன்னது என்று அவை கேட்டதும் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

கடைசியாக எரிமலை. ஆளில்லாத ஒரு தீவிலிருந்து வெகு தூரம் பயணம் செய்து வந்திருந்தது. முன்வாசலில் கட்டியிருந்த வாழைமரங்கள் அதைக் கண்டதும் துவண்டதால், அது சங்கடப்பட்டுக்கொண்டு பின்பக்கமாகச் சமையற்கட்டுக்குப் போய் நின்றது. சமையல்காரர் அதன் தலையில் சோற்று அண்டாவை ஏற்றிவிட்டார். விசாரணை அங்கேயே நடந்தது.

"நானும் புகை விடுகிறவன்தான், மறுக்கவில்லை," என்றது எரிமலை. "ஆனால் எங்கள் கூட்டம் மொத்தமும் ஒரு வருஷம் விடுவதை, நீங்கள் சில நாட்களில் விட்டுவிடுகிறீர்கள். இன்னொன்று. நாங்கள் பெரிதாக வெடித்தால் சூடு ஏறாது, இறங்கும். சாம்பலும் கந்தகமும் மேலே போய் நின்றுகொண்டு வெயிலை மறைக்கும். அது அடங்கும்வரை உங்களுக்குக் குளிர்ச்சிதான்."

அதற்குத் தொண்டை வறண்டிருந்தது. உடம்பு சூடு பிடித்தவர்களுக்கு மோர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், நான் ஒரு செம்பில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது குடித்துவிட்டு வெகுநேரம் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தது. இதுவரை யாரும் தனக்கு எதுவும் குடிக்கக் கொடுத்ததில்லை என்றது.

பிறகு சாப்பாடு. வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். சாப்பிட்டதும் எல்லோரும் மறுபடி மண்டபத்துக்குள் உட்கார்ந்தோம். என் இடம் ஏசிக்கு நேர் கீழே. எனக்குக் கண் சொக்கியது.

இனி நடந்தது ஏகாம்பரம் சொன்னது. இயற்கைக் காரணங்கள் எல்லாவற்றையும் விசாரித்து அனுப்பியாயிற்று, இனி மனிதக் காரணம் மட்டும்தான் பாக்கி என்று தலைவர் அறிவித்தார். "மனுஷன் யாராச்சும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். மண்டபத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். மறுபடி கேட்டார். சிலர் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். சிலர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். மூன்றாவது முறை கேட்டபோது என் கை மேலே போனது. ஏகாம்பரம் இதைச் சொல்லும்போதெல்லாம் தன் கையை மெதுவாக உயர்த்திக் காட்டுவார். "தயக்கமே இல்ல மாப்ள. ஸ்கூல் பையன் மாதிரி தூக்கினீங்க."

ஏசிக் காற்று நேராக என் மண்டையில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வாயைக் கொஞ்சம் திருப்பிவிடச் சொல்லித் தூக்கத்தில் நான் கையைத் தூக்கியிருக்கலாம். அல்லது உண்மையாகவே ஒப்புக்கொண்டும் இருக்கலாம். விழித்திருக்கும்போது ஒப்புக்கொள்ளாத எவ்வளவோ எனக்குள் இருக்கின்றன. இதில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கண் விழித்தபோது என் வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிறு கட்டியிருந்தது. தலைவர் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்.

காப்புக் கட்டிக்கொண்டவர் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. திருவிழாவுக்கு அது பத்து நாள் விஷயம். இதில் திருவிழா எதுவும் இல்லாததால், சூடு இறங்கும்வரை என்று வைத்துக்கொண்டார்கள். மண்டப வாசலில் ஒரு வெப்பமானியை மாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சகுந்தலாவிடம் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் காரணம்?"

"பூமி சூடாகுறதுக்கு."

"நீங்களா?"

"அப்படித்தான் முடிவாயிருக்கு."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "தொட்டி நிரம்புறதுக்குக்கூட நீங்க காரணமா இருந்ததில்லையே. மோட்டாரே நான்தான போடுறேன்."

அவள் சொன்னது நியாயம்தான். விருப்ப ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த அலுவலகத்தில், நான் இருந்தபோதும் கோப்புகள் நகர்ந்தன, நான் போன பிறகும் நகர்ந்தன. என் மகள் எழிலரசி நன்றாகப் படித்ததற்கு அவள் அம்மா காரணம். வீடு கட்டியதற்கு மாமனார் காரணம். ஐம்பது வயதைத் தாண்டி, எதற்கும் காரணமாக இல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது துருவத்தில் பனி உருகுவதாகச் செய்தியில் சொன்னால் சகுந்தலா ஒலியைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்புவாள். நான் தொண்டையைச் செருமிக்கொள்வேன். வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு நல்லது.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. இளநீர்க் கடைக்காரர் என்னைக் கண்டால் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து சீவிக் கொடுப்பார். சலூனில் முனிரத்தினம் கழுத்தில் துணியைச் சுற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார்.

"சார், உங்க புண்ணியத்துல எல்லாரும் ஒட்ட வெட்டச் சொல்றாங்க. மாசம் ரெண்டு தடவை வர்றாங்க. கொஞ்சம் கார்த்திகை வரைக்கும் இப்படியே வெச்சிருங்க."

"என் கையில என்ன இருக்கு."

"இந்தத் தன்னடக்கம்தான் சார் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது."

எல்லோரும் அப்படி இல்லை. பின்தெருவில் ஒரு பெண்மணி குடத்தோடு வழிமறித்தாள். "ஏன் சார், எங்க தெரு போர்ல காத்துதான் வருது. இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"பார்க்கிறேன்மா."

"பார்க்கிறேன் பார்க்கிறேன்னுதான் போன தடவையும் சொன்னீங்க."

பெண்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு என்னை அழைத்தார்கள். களிமண்ணில் செய்த எரிமலைக்கும் தெர்மகோல் சூரியனுக்கும் நடுவில் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி குச்சியால் என் நெற்றி, மார்பு, வயிறு என்று சுட்டிக்காட்டி ஆங்கிலத்தில் விளக்கினாள். களிமண் எரிமலைக்கு முதல் பரிசு கிடைத்தது. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. காரணம் யார் என்று தெரிந்துவிட்டதில் ஊருக்குப் பெரிய நிம்மதி. அதுவரை ஏசி வாங்கத் தயங்கியவர்கள் வாங்கினார்கள். ஒன்று வைத்திருந்தவர்கள் கூடத்துக்கும் ஒன்று மாட்டினார்கள். ஏரிக்கரையில் குப்பையைக் கொளுத்துகிறவர்கள் முன்பெல்லாம் யாராவது வந்தால் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். இப்போது அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்கு வணக்கம் சொன்னார்கள். பால் வாங்கப் போகக்கூட எல்லோரும் பைக்கை எடுத்தார்கள். துரைக்கண்ணு கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மண்டபத்துக்கு முன்னால் இருந்த புளியமரங்களை வெட்டினார். நான் போய்க் கேட்டேன்.

"அட, நான் வெட்டினா என்ன, வெட்டாட்டி என்ன?" என்றார். "காரணம்னு நீங்க ஒருத்தர் இருக்கீங்க. உங்களை மீறி ஒரு புளியமரம் என்ன பண்ணிடும்?"

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் எழிலுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நல்ல இடம். கடலோர ஊர். மாப்பிள்ளை அங்கே வங்கியில் வேலை. எங்களில் கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார்தான் அவர்கள் ஊரில் நடத்துவார்கள். பெண்வீட்டார் வேன் பிடித்துப் போய் இறங்க வேண்டும். வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகையில் என் பெயரைப் படித்துப் பார்த்தபோதுதான் மணிக்கட்டில் இருந்த கயிறு எனக்கு நினைவுக்கு வந்தது.

குழுவிடம் போனேன். விசேஷ அனுமதி கேட்டேன். துரைக்கண்ணு வருத்தப்பட்டார். மகள் கல்யாணம் என்றால் சும்மாவா என்றார். ஆனால் விதி விதிதான்.

"சூடு இறங்கினாத்தான் காப்பு இறங்கும். நீங்க காரணமா இருக்கிறதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன்," என்றார் ஏகாம்பரம். "உங்களுக்குத்தான கஷ்டம்."

அது சரியாகப் பட்டது. ஸ்கூட்டரை மூடிவைத்தேன். ஏசியைக் கழற்றினேன். ஃபிரிட்ஜை நிறுத்தியபோது சகுந்தலா, "மாவு புளிச்சா அதுக்கும் நீங்கதான் காரணம்," என்றாள். விளக்கைப் போடவில்லை. பிறகு நடமாட்டத்தையும் குறைத்தேன். கூடத்தில் ஒரு பாயைப் போட்டு, மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் எந்த வேலையையும் இவ்வளவு சிரத்தையாக நான் செய்ததில்லை. மண்டப வாசலில் வெப்பமானி ஏறியது.

முதன்முதலாக அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஏகாம்பரத்திடம் சொன்னேன்.

"மச்சான், நான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். சூடு இறங்கலையே. ஒருவேளை காரணம் நான் இல்லையோ?"

அவர் என் தோளில் கைபோட்டார். "நீங்க இன்னும் மனசார நிறுத்தல மாப்ள."

மனசாரத்தான் நிறுத்தினேனா என்று சில நாட்கள் யோசித்தேன். இதில்தான் அவர் என்னை எப்போதும் ஜெயித்துவிடுகிறார்.

அந்த வாரம் எழில் வேலை பார்க்கும் ஊரிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, நீங்க வர முடியாதுன்னா மாமாவே தாரை வார்த்துக் கொடுத்துடுவாராம்."

"யார் சொன்னா?"

"மாமாதான் சொன்னார். தாய்மாமன் சீரும் அவரே செய்யணும், அப்பா இடத்துலயும் அவரே நிக்கணும். வேட்டி மட்டும் ரெண்டு தடவை மாத்திக்கிறாராம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க வாங்கப்பா."

அன்று மொட்டைமாடிக்குப் போய்ச் சூரியனிடம் கேட்டேன். கொஞ்ச நாளைக்குக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று. "குறைக்கலாம். நெல்லுக்கு நீங்கள் பதில் சொல்வதானால்," என்றார். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். சாய்விடம் கேட்பதில் அர்த்தம் இல்லை. அது யோசித்துச் சொல்வதற்குள் எழிலின் பேரப்பிள்ளைகளுக்கே கல்யாணம் முடிந்திருக்கும்.

எரிமலையின் போன் நம்பர் சமையல்காரரிடம் இருந்தது. விறகுச் செலவில்லாமல் இன்னொரு விசேஷம் செய்துவிட வேண்டும் என்று அவர் அதனோடு தொடர்பில் இருந்தார். நான் பேசினேன். என் பெயரைச் சொன்னபோது அதற்குத் தெரியவில்லை. மோர் என்றதும் தெரிந்துகொண்டது.

"கல்யாணம் என்றைக்கு?" என்று கேட்டது.

சொன்னேன்.

"சாம்பல் மேலே ஏறி உலகம் முழுக்கப் பரவ நாளாகும். முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஆனால் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். அது அடங்கியதும் பழையபடி ஆகிவிடும். பழையபடிகூட இல்லை, இடையில் நீங்கள் எல்லோரும் விட்டதும் சேர்ந்து நிற்கும். அப்போது மறுபடி என்னைக் கேட்கக்கூடாது. நான் அடிக்கடி வெடிக்கிற ஆள் இல்லை."

"உங்களுக்கு ஏதாவது சிரமம்..."

"பொண்ணு கல்யாணம் என்கிறீர்கள்," என்றது எரிமலை.

அது மாசியில் வெடித்தது. பங்குனியில் எங்கள் ஊரில் சாயங்காலங்கள் குங்குமம் கரைத்த மாதிரி சிவந்தன. வெயில் ஒரு மெல்லிய துணிக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் வந்தது. சித்திரையில் ஒருநாள் வெப்பமானி ஒரு நூல் அளவு கீழே இறங்கி நின்றது. குழு கூடி, அதைச் சுற்றி நின்று, கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தது. முனிரத்தினம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரைக்கண்ணு தேங்காய் உடைத்து என் காப்பை அவிழ்த்தார். "மனசார நிறுத்திட்டீங்க பாருங்க," என்றார் ஏகாம்பரம். அவர் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. கல்யாணத்துக்கு எடுத்துவைத்திருந்த இரண்டு வேட்டிகளில் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியில் வைத்தார்.

கல்யாணத்துக்குப் போனேன். எழிலின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, மேலே தண்ணீர் வார்த்தேன். சகுந்தலாவும் செம்பைப் பிடித்திருந்தாள். நான் வார்த்த வேகத்தில் பாதித் தண்ணீர் சம்பந்தியின் பட்டு வேட்டியில் விழுந்தது. எழில் தலையை நிமிர்த்தாமலே, "பார்த்துப்பா," என்றாள். என் ஆயுளில் நான் ஒழுங்காக நேரத்துக்குப் போய் நின்ற இடம் அது ஒன்றுதான். அதற்கும் காரணம் எரிமலை.

திரும்பி வந்தபோது ஊர் எல்லையில் யாரும் கயிற்றோடு நிற்கவில்லை. அடுத்த கோடைவரை நான் சாதாரண ஆளாக இருந்தேன். பிறகு சாம்பல் அடங்கியது. எரிமலை சொன்னபடியே பழைய சூடு திரும்பிவந்து, அதற்கு மேலும் ஏறியது. ஏகாம்பரம் மஞ்சள் கயிற்றோடு வீட்டுக்கு வந்தார். நான் கையை நீட்டினேன். இந்த முறை விழித்திருந்தேன். கையைத் தூக்கியதாகச் சொன்னார்களே, அது எப்படி இருந்திருக்கும் என்று ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

முதல் பிரசவத்துக்கு எழில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் அவளைக் கூட்டிப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே சகுந்தலா அங்கே போனாள். பேத்தி பிறந்தாள். பச்சைக் குழந்தையை இந்த வெயிலில் எப்படிக் கொண்டுவருவது என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். சூட்டினால் அவர்கள் வர முடியாது. காப்பினால் நான் போக முடியாது. அவள் வராததற்கும் நான் காரணம், நான் போகாததற்கும் நான் காரணம். இவ்வளவுக்கு நான் காரணமாவேன் என்று சகுந்தலா எதிர்பார்த்திருக்க மாட்டாள். அவள் பேத்தியோடே பெரும்பாலும் தங்கிவிட்டாள். மோட்டாரை இப்போது நானே போடுகிறேன். பேத்தி என்னை செல்போனில் மட்டும் பார்த்திருக்கிறாள். எனக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருப்பதாக எழில் சொன்னாள்.

"தாத்தா, உங்க ஊர்ல ஏன் சூடு?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. போனது சிக்னல்தானா என்றுகூட எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. என் விரல் அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு அருகில்தான் இருந்தது.

இந்த ஆனி மாதத்தில் ஒரு காலை, ஏகாம்பரம் வந்து கதவைத் தட்டினார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். செருப்பு கையில் இருந்தது. நடந்து வந்த வழியெல்லாம் ஈரம்.

"சட்டையைப் போடுங்க மாப்ள. கடல் வந்திருக்கு."

"எங்க?"

"விடியும்போதே பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னுடுச்சு. எத்தனை நேரம் நிக்க வைக்கிறதுன்னு மண்டபத்துக்குக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சிருக்கோம். இடம் போதல. சமையற்கட்டு வரைக்கும் உட்கார்ந்திருக்கு."

"எதுக்கு வந்திருக்கு?"

"காரணம் யாருன்னு பார்க்கணுமாம். தலைவர் உங்க பேரைச் சொல்லிட்டார்."

நான் கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தேன். "கோபமா இருக்கா?"

"தெரியல. ஒண்ணும் பேச மாட்டேங்குது. அப்பப்ப எழுந்து எழுந்து உட்காருது. சாப்பாட்டுல உப்பு போட வேண்டாம்னு மட்டும் சமையல்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்." அவர் என்னை நேராகப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தார். "எழிலும் குழந்தையும் சகுந்தலாவும் கூட வந்திருக்காங்க. அவங்க தெரு வழியாத்தான் வந்துச்சாம். வீட்ல இருக்கிறவங்களை அப்படியே விட்டுட்டு வர அதுக்கு மனசு வரல. கூட்டிட்டு வந்துடுச்சு. மாப்பிள்ளை வீட்டைப் பூட்டிட்டுப் பின்னால வர்றார். பூட்டு தண்ணிக்குள்ள இருக்கு, அதான் நேரமாகுதாம்."

"குழந்தை எப்படி இருக்கா?"

"மேடையில உட்கார்ந்து கால் ஆட்டிட்டு இருக்கா. தாத்தா எங்கேன்னு கேட்டா. காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். வாங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

சட்டைப் பொத்தான்களைப் போட்டேன். காப்புக் கயிறு கைப்பட்டியில் மாட்டிக்கொண்டது. ஏகாம்பரமே அதை உள்ளே தள்ளி, சரிசெய்துவிட்டார். கண்ணாடி முன் நின்று தலையை வாரினேன். உள்ளே தெரிந்தவர் ஒடிசலாக, சற்றுக் கூன் விழுந்து, பேத்திக்கும் கடலுக்கும் ஒரே நேரத்தில் என்ன சொல்வது என்று தெரியாதவராக இருந்தார். தெருவில் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதில் இறங்கினோம். கொஞ்ச தூரம் போனதும் நான் நின்று, இத்தனை வருஷமாகக் கேட்காததை அவரிடம் கேட்டேன்.

"மச்சான், கடல் என்னை மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு தடவை பார்த்துட்டு, 'இவர் ஒருத்தரா?'ன்னு கேட்டா, நீங்க என்ன சொல்வீங்க?"